புழையும் அதரும்: கோடைமலை வேட்டுவரின் நில அறிவு

1. முன்னுரை

சங்கச் செய்யுட்களில் வேட்டை பேசப்படும் இடங்கள் பல. அவ்விடங்களை எடுத்துக்காட்டுங்கால் வேட்டுவனது வில்லாற்றலையும், வேட்டையிற் பெற்ற ஊனைப் பாணர்க்கும் புலவர்க்கும் பகுத்தளித்த அவன் வண்மையையும் விரித்துரைத்தலே பெரும்பான்மை வழக்கு. ஓர் அம்பினால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்னும் ஐந்தனையும் ஒருசேர வீழ்த்திய வல்வில் ஓரியை வன்பரணர் பாடிய புறப்பாட்டு (152) இவ்வகையில் யாவரும் அறிந்தது. அம்மரபைக் குறைகூறுதல் நம் நோக்கமன்று. ஆயினும், வேட்டை வில்லில் தொடங்குவதில்லை, நிலத்தில் தொடங்குவது. மான் எவ்வழி இறங்கும், எங்கு நீருண்ணும், எம்மரத்தின் கனியை நாடிவரும், விரட்டினால் எப்பக்கம் ஓடும் என்பனவற்றை முன்னரே அறியாதான் கையில் வில் இருந்தும் பயன் இல்லை. இந்நில அறிவைச் சங்கப் புலவர் நுணுகி அறிந்து பாடியுள்ளனர் என்பதும், அதற்கெனத் தமிழில் தனிச் சொற்கள் வழங்கின என்பதும், அவற்றுள் 'புழை' என்னும் சொல் தலைமையானது என்பதும் இக்கட்டுரையில் நிறுவப்படும். கோடைமலைத் தலைவன் ஒருவனைப் பற்றிய புறப்பாட்டின் பொருளைத் துணிதற்கும் இச்சொல்லே திறவுகோல் ஆகும்.

2. ஆய்வுக்குரிய நிலம்

திண்டுக்கல் மாவட்டத்து ஆத்தூர் வட்டத்தில், செம்பட்டிக்கு அணித்தாக அமைந்த பேரூர் சித்தையன்கோட்டை. முன்னர் மதுரை மாவட்டத்தின் பகுதியாய் இருந்த இந்நிலம் 1985ஆம் ஆண்டு திண்டுக்கல் மாவட்டம் அமைந்தபோது அதனுள் அடங்கிற்று. இவ்வூர்ச் சமவெளியில் நின்று நோக்குவார்க்கு மேற்கே பழனிமலைத் தொடரின் கீழ்ச்சரிவுகளும், கிழக்கே சிறுமலையும் தோன்றும். மேற்குச் சரிவுகளிலிருந்து இழியும் நீரைக் குடகனாறு ஏற்று வடக்கு நோக்கி ஓடி, அமராவதியொடு கலக்கின்றது. ஆத்தூரில் மலையடியில் அமைந்த காமராசர் சாகர் அணை அந்நீரையே தேக்குவது.

மலையும் சமவெளியும் பொருந்தும் இத்தகைய நிலமே மானுக்கு உகந்தது. சரிவின் சோலைகளிலும் புதர்களிலும் பகலில் ஒதுங்கி, மாலையிலும் வைகறையிலும் புல்லுள்ள திறந்த இடத்திற்கு இறங்கி மேய்ந்து, நீருண்டு மீளுதல் மானின் இயல்பு. கடமான் பெரிதும் இரவில் இயங்கும். புள்ளிமான் கூட்டமாய்க் காட்டின் விளிம்பை நாடும். கேளையாடு தனித்துத் திரியும். ஊறு கண்டால் நாய் குரைப்பது போலக் குரலெழுப்பிக் காடு முழுவதையும் எச்சரிக்கும். உருவிற் சிறிய சருகுமான் சருகினூடே மறைந்து வாழும். ஓரினத்தை நாடுவான் தேடவேண்டிய இடம் மற்றோரினத்தை நாடுவானுக்கு உதவாது.

இம்மலைத் தொடரின் இரு பகுதிகள் சங்கப் பாடல்களில் இரு பெயர் பெற்றுள்ளன. ஒன்று ஆவியர் குடியினர்க்குரிய பொதினி. அது பழனியைச் சார்ந்த பகுதி. மற்றொன்று கோடை, அதனைக் கோடைக்கானல் மலையாக அறிஞர் கொள்வர். கோடைமலைக்கு உரியோராக இருவர் பேசப்படுகின்றனர். ஒருவன் தென்னவன் மறவனாகிய பண்ணி. மற்றொருவன் கடிய நெடுவேட்டுவன். இருவரையும் பாடியவர் பெருந்தலைச் சாத்தனார் என்பது ஈண்டு நினைத்தற்குரியது (அகம் 13, புறம் 205). குழியில் அகப்படுத்திய யானையைச் சொல்லால் பழக்கி இரவலர்க்கு ஈவோனாகப் பண்ணி அகப்பாட்டிற் காட்டப்படுகின்றான். யானை எவ்வழி வரும் என்பதை அறியாதான் குழியை எங்கு அகழ்வது? எனவே கோடைமலைத் தலைவரின் பெருமை அம்மலையின் வழிகளை அறிந்த அறிவோடு பிணைந்திருந்தது என்று கருத இடமுண்டு. இதனை இனிச் சொல்லாராய்ச்சியால் தெளிவோம்.

3. மானைப் பெயரால் பகுத்தறிதல்

நிலத்தை ஆராயப் புகுமுன் விலங்கைப் பகுத்தறிதல் வேண்டும். தொல்காப்பிய மரபியல் இத்துறையில் நமக்குப் பெருந்துணை புரிகின்றது. புல்வாய், நவ்வி, உழை எனச் சாதி வேறுபாடும், இரலை, கலை என ஆண்மைப் பெயரும், பிணை எனப் பெண்மைப் பெயரும், மறி என இளமைப் பெயரும் அவ்வியலிற் கூறப்படுகின்றன. இப்பெயர்களுள் எது இன்றைய எவ்வினத்தைக் குறித்தது என்பதில் அறிஞரிடைக் கருத்து வேறுபாடு உண்டு. அது நிற்க. ஆண், பெண், குட்டி என்னும் மூன்றனையும் தனித்தனிப் பெயரால் வழங்கிய மக்கள் அவற்றைச் சேய்மையிலிருந்தே வேறுபடுத்திக் காணும் பயிற்சி உடையராய் இருந்தனர் என்பது தெளிவு. இலக்கண நூலார் இவற்றைச் செய்யுள் மரபாகக் கூறினாரேனும், அம்மரபு காட்டிலிருந்து வந்ததே அன்றி ஏட்டிலிருந்து வந்ததன்று. இப்பகுப்பு வேட்டையில் எத்துணை இன்றியமையாதது என்பது பின்னர் விளங்கும்.

4. நீரும் கனியும்

மானின் இடத்தை அறிதற்குரிய முதற் குறி நீர். இதனைப் பெரும்பாணாற்றுப்படை மிகத் தெளிவாகக் காட்டுகின்றது. மழை பொய்த்த காலத்தில், மானின் அடிகள் பதிந்து கிடக்கும் மயக்கம் தரும் அதர்களின் அருகே, நீர் வேட்கையால் விலங்குகள் வந்துசேரும் இடத்தில் குழி அகழ்ந்து, அக்குழியுள் ஒடுங்கியிருந்து, நள்ளிரவிற் பன்றியின் வரவை எயினர் பார்த்திருப்பர் என்பது கடியலூர் உருத்திரங்கண்ணனார் கூறும் செய்தி. அவ்விரவு வேட்டை வாயாதாயின், பகலில் நாய்களைக் கொண்டு புதர்களை அலைத்து, வாயை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிய வலை வேலியால் வளைத்து முயலைப் பிடிப்பர் என்றும் அவர் தொடர்ந்து கூறுவர்.

இச்சிறு பகுதியில் நான்கு செய்திகள் அடங்கியுள்ளன. முதலாவது, காலம்: வறட்சியில் நீர்நிலைகள் அருகுமாதலின் எஞ்சிய நீரிடத்திற்கே விலங்குகள் வந்தாதல் வேண்டும். இரண்டாவது, சான்று: அடிச்சுவடு மிகுதியாகப் பதிந்திருத்தல். மூன்றாவது, நேரம்: நள்ளிரவு. நான்காவது, ஒன்று தவறின் மற்றொன்று என்னும் மாற்று முறை. நில அறிவை இத்துணைச் சுருக்கமாகவும் நிரலாகவும் கூறும் பிறிதொரு பழம்பகுதியைக் காண்டல் அரிது.

இரண்டாவது குறி இரை. வல்வில் ஓரியின் கானத்தைப் பாடும் பரணர், அத்தத்தில் நின்ற குமிழமரத்தின் கனி மானுக்கு உணவாதலைக் குறிப்பர் (நற்றிணை 6). மான்பிணை தீண்டுதலால் குமிழின் பழங்கள் பொற்காசு போல உதிர்தலை நற்றிணையின் பிறிதொரு பாட்டு (274) ஓவியமாக்குகின்றது. மரையினம் நெல்லிக்கனியை முன்றிலிலேயே வந்து அருந்தும் சிற்றூரைக் குறுந்தொகை (235) காட்டுகின்றது. இவற்றைத் தலைவியின் அழகுக்கோ பாலையின் தன்மைக்கோ அடையாக வந்த வருணனை எனக் கொண்டு கடந்துசெல்வது எளிது. ஆயின், குமிழ் பழுக்கும் காலத்தில் அம்மரத்தடியை மான் நாடும் என்பது காட்டை அறிந்தார் கூற்றே ஆகும்.

5. அதர்

தமிழில் வழியைக் குறிக்கும் சொற்கள் பல. நெறி, ஆறு, சுரம், இயவு, அதர், புழை என்பன அவற்றுட் சில. இவை ஒருபொருட் கிளவிகள் எனக் கருதப்படினும், ஆட்சியை நோக்குவார்க்கு வேறுபாடு புலனாகும். வேட்டை பேசப்படும் இடங்களில் 'அதர்' என்பது, செப்பனிடப்படாது, காலடி பட்டுப்பட்டு அமைந்த காட்டுவழியைக் குறித்து நிற்கக் காண்கின்றோம். அஃது ஒன்று பலவாய்ப் பிரிந்து மயக்கம் தருவது.

கண்டீரக் கோப்பெருநள்ளியை வன்பரணர் பாடிய புறப்பாட்டில் (150) ஒரு நுட்பமான செய்தி உண்டு. பசியோடு மரத்தடியில் தங்கியிருந்த புலவர் முன், மான் கூட்டத்தை வேட்டையாடிய குருதி தோய்ந்த காலுடன் ஒருவன் தோன்றுகின்றான். தீக்கடைந்து ஊனை வாட்டித் தானே அளிக்கின்றான். அவன் ஏவலிளையர் அவ்விடத்து இல்லை. அவர்கள் காட்டின் அதர்களில் மயங்கிப் பின்தங்கிவிட்டனர். அவர்கள் வந்துசேருமுன் புலவர்க்கு விருந்து முடிந்தது. இளையரின் மயக்கம் விருந்தின் விரைவைக் காட்ட வந்தது என்று மட்டும் கொள்ளுதல் அமையாது. அந்நிலத்து வாழ்வோராகிய இளையரே மயங்கும் அதரில் தலைவன் ஒருவன் மயங்காது வருகின்றான் என்பதே அதன் உட்பொருள். பெரும்பாணாற்றுப்படையிலும் அதர் மயங்குவதாகவே கூறப்படுதலை இதனொடு ஒப்பிட்டுக் காண்க. மயங்கும் அதரில் மயங்காமை வேட்டுவத் தலைமையின் இலக்கணம் எனலாம்.

6. புழை

இனிப் 'புழை' என்னும் சொல்லை நோக்குவோம். உள்ளே துளையுடையது என்பது இதன் அடிப்படைப் பொருள். யானையின் துதிக்கையைப் புழைக்கை என்றல் இதுபற்றியே. வீட்டின் பின்புறச் சிறுவாயிலைக் குறித்த புழைக்கடை என்னும் சொல் இன்றைய வழக்கில் 'புழக்கடை' என நின்று நிலவுகின்றது. காட்டைப் பொறுத்தவரை, அடர்ந்த புதரினூடும் வேலியினூடும் விலங்குகள் நுழைந்து நுழைந்து உண்டாக்கிய குடைவு போன்ற இடுக்குவழியே புழை. அதர் நிலத்தின்மேற் கிடப்பது. புழை புதரை ஊடுருவுவது. அதரில் விலங்கு எப்பக்கமும் விலகலாம். புழையில் விலக இடமில்லை. எனவே வேட்டுவனுக்கு அதர் குறிப்பைத் தருவது. புழை விலங்கையே தருவது.

இப்பொருளுக்கு மலைபடுகடாம் சான்று பகர்கின்றது. விளைந்த புனத்தைப் பன்றி அழித்தலை அஞ்சிய மலைநாட்டார், புழைகள்தோறும் பெருங்கல்லாலாகிய அடாரை அமைத்திருப்பர் என்றும், கூத்தர் அவ்வழிகளில் விழிப்போடு செல்லவேண்டும் என்றும் பெருங்கௌசிகனார் கூறுவர். அடார் என்பது கல்லால் இயன்ற பொறி. அதனைப் புனத்தின் நடுவிலோ அதரிலோ வையாமல் புழைதோறும் வைத்தனர் என்பது கருதத்தக்கது. 'தோறும்' என்னும் இடைச்சொல், ஒரு புழையும் விடுபடாமையை உணர்த்தும். ஒன்று விடுபடினும் பன்றி அதன்வழியே புகும் அன்றோ?

இவ்விளக்கத்தைக் கைக்கொண்டு கடிய நெடுவேட்டுவனைப் பாடிய புறம் 205ஐ அணுகுவோம். பரிசிலை நீட்டித்த அவனைப் பெருந்தலைச் சாத்தனார் நோக்கி, மூவேந்தரே ஆயினும் விருப்பமின்றித் தரும் கொடையை யாம் வேண்டோம் எனப் பெருமிதத்தோடு கூறும் பாட்டு அது. நீர் கொள்ளாது கடலிலிருந்து முகில் மீளாதது போல, களிறும் தேரும் பெறாது பரிசிலர் சுற்றம் மீளாது என்று அது முடியும். அதனிடையே வேட்டுவனை விளிக்குங்கால் புலவர் தரும் அடைமொழியில் சிறியவும் பெரியவும் என்ற சொற்களும், புழை கெடுதலும், மான் கணம் தொலைதலும், கடுவிசை நாயும் ஒருங்கு வருகின்றன.

இத்தொடரை இருவகையாகக் கூட்டலாம். சிறியனவும் பெரியனவுமாகிய விலங்குகள் தம் வழி கெட விலகியோடின எனக் கொள்வது ஒன்று. சிறியனவும் பெரியனவுமாகிய புழைகள் போக்கறும்படி தடுக்கப்பட்டன எனக் கொள்வது மற்றொன்று. இவற்றுள் பின்னையதே பொருந்துவது என்பது எம் கருத்து. அதற்குக் காரணம் மூன்று. ஒன்று: 'விலங்குதல்' என்னும் வினைக்குக் குறுக்கிட்டுத் தடுத்தல் என்னும் பொருள் சங்க வழக்கிற் பயின்றது. இரண்டு: புழை என்பது பொறியோ தடையோ வைத்தற்குரிய இடம் என்பது மலைபடுகடாத்தால் உறுதிப்படுகின்றது. மூன்று: நாயைவிட்டு அலைத்தலும் வழிகளை அடைத்தலும் இணைந்த ஒரே வேட்டை முறை என்பது பெரும்பாணாற்றுப்படையின் பகல் வேட்டையால் விளங்கும். நாய் துரத்தும், புழை அடைபட்டிருக்கும், மான் கணம் போக்கிடம் இன்றி நிற்கும்.

அங்ஙனமாயின், புலவர் புகழ்வது வில்லை மட்டுமன்று. கோடைமலையின் புழைகளுட் சிறியது எது, பெரியது எது, எத்தனை உள்ளன என்பதை எண்ணி அறிந்த அறிவையே அவர் முற்படப் புகழ்கின்றார். நாயும் வில்லும் அதற்குப் பின்னரே வருகின்றன. 'நெடுவேட்டுவன்' என்னும் பெயரிலுள்ள நெடுமை இவ்வறிவாலும் வந்தது எனின் மிகையாகாது.

7. அடிச்சுவடும் ஒற்றரும்

சங்ககாலத்தை அடுத்துப் பல நூற்றாண்டுகள் கழிந்த பின்னரும் இம்மரபு தொடர்ந்தது என்பதற்குப் பன்னிரண்டாம் நூற்றாண்டிற் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணம் சான்றாகும். கண்ணப்பர் புராணத்தில் திண்ணனாரின் முதல் வேட்டை நிரல்பட விரிக்கப்படுகின்றது. தென்திசை மலையைச் சார்ந்த காட்டில் மான், பன்றி, மரை முதலியன செறிந்துள்ளன என்பதை அடிச்சுவட்டால் அறிந்து ஒற்றர் முதலில் வந்து உரைக்கின்றனர். அதன்பின்னரே வேடர் வாருடன் எப்புறமும் ஓடி, மரக்கிளைகளை ஒடித்தெறிந்து, நெடுந்தொலைவு வலைகட்டிக் காட்டைக் காவல் செய்கின்றனர். இவை யாவும் முடிந்த பின்னரே திண்ணனார் வில்லேந்தி உட்புகுகின்றார்.

ஒற்றர் என்னும் சொல் ஈண்டு நுனித்து உணரத்தக்கது. வள்ளுவர் ஒற்றாடல் என ஓர் அதிகாரமே வகுத்த அரசியற் சொல் அது. பகைநாட்டின் நிலையை அறிந்துவருவானுக்கு வழங்கிய பெயரையே காட்டின் நிலையை அறிந்துவருவானுக்கும் சேக்கிழார் வழங்கினார். சோழப் பேரரசின் அமைச்சராய் இருந்தவர் எனப் போற்றப்படும் அவர்க்கு, வேட்டைக்கு முற்பட்ட நில ஆராய்ச்சி போர்க்கு முற்பட்ட ஒற்றுக்கு நிகரானதாய்த் தோன்றிற்று போலும்.

இவ்வறிவுக்கு ஓர் அறமும் உண்டு. அதே வேட்டையில், யானைக் கன்றுகளை வேடர் தொடரவில்லை. சிறு குருளைகளைக் கொல்லவில்லை. கருவுற்று அடி தளர்ந்த பிணையை வருத்தவில்லை. எதிர்த்துவந்த கொடிய விலங்குகளையே எய்தனர் என்று சேக்கிழார் கூறுவர். மரபியலில் நாம் கண்ட பிணை, மறி என்னும் பெயர்ப் பகுப்பு ஈண்டு அறமாக மலர்கின்றது. பிணையைப் பிணையென்று அறியாதவன் அதனை விட்டுவைத்தல் இயலாது. புழைகளை எல்லாம் அடைக்கும் ஆற்றல் உடையானுக்கு, அகப்பட்டவற்றுள் எதனை விடுதல் வேண்டும் என்னும் வரையறையும் உடன் வேண்டப்பட்டது.

8. ஆங்கிலேயர் காலமும் பிற்காலமும்

பழனிமலையை 1821இல் வார்டு என்னும் அளவையாளர் அளந்தார். அந்நூற்றாண்டின் இடைப்பகுதியில் டக்ளசு ஆமில்டன் என்னும் படைத்தலைவர் இம்மலைகளில் உலவி அவற்றை வரைந்தும் வேட்டையாடியும் வாழ்ந்தார். பேரிஜம் ஏரிப் பகுதியில் ஆமில்டன் கோட்டை என வழங்கும் இடப்பெயர் அவரை நினைவூட்டுவது. ஆனைமலை, நீலமலை, பழனிமலை வேட்டைகளைப் பற்றிய அவர் குறிப்புகள் 1892இல் இலண்டனில் நூலாக வெளிவந்தன. இத்தகைய நூல்களில் துப்பாக்கி ஏந்தினார் பெயர் நிற்கின்றது. முன்சென்று சுவடு கண்டு இடம் காட்டிய மலைமக்களின் பெயர் பெரும்பாலும் நிற்பதில்லை. பளியரும் புலையரும் வாழ்ந்த மலை அது. நெடுவேட்டுவனின் அறிவுக்கு மரபுரிமை உடையோர் அம்மலைவாழ் மக்களே ஆதல் கூடும். ஆயின் ஏட்டில் ஏறியது பிறர் புகழே.

வரைமுறையற்ற வேட்டையால் விலங்குகள் குறைந்தமையின் சட்டங்கள் பிறந்தன. நீலமலையில் 1877இல் வேட்டை விலங்குக் காப்புக்கென ஒரு சங்கமும், 1879இல் ஒரு சட்டமும் தோன்றின. இந்திய நாடு முழுமைக்குமான வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் இயற்றப்பட்டது. அச்சட்டம் வேட்டை என்னும் சொல்லுக்குத் தரும் விளக்கத்தில் கொல்லுதல் மட்டுமன்றிக் கண்ணி வைத்தல், பொறி வைத்தல், விரட்டுதல், இரைகாட்டி ஈர்த்தல் என்பனவும் அடங்கும். புழையில் அடார் வைத்தலும், நாயைவிட்டு அலைத்தலும் இன்று குற்றங்களாம். கோடைக்கானல் மலைப்பகுதி 2013இல் வனவிலங்குப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. நெடுவேட்டுவன் புழையடைத்த மலையில் இன்று மானை வேட்டையாடுதல் இல்லை, இருத்தலும் கூடாது.

ஆயின், வேட்டை ஒழிந்தமையால் அவ்வறிவும் ஒழிந்துவிடல் வேண்டும் என்பதில்லை. இன்று வனத்துறையினரும் உயிரியல் அறிஞரும் விலங்குகளைக் கணக்கிடுங்கால் அடிச்சுவட்டையும் எச்சத்தையும் நோக்குகின்றனர். நீர்நிலையருகிலும் விலங்குவழிகளிலும் தானியங்கு ஒளிப்படக் கருவிகளைப் பொருத்துகின்றனர். கருவி எங்கு நிற்றல் வேண்டும் என்னும் வினாவும், பழைய எயினன் எங்குக் குழி அகழ்தல் வேண்டும் என்ற வினாவும் ஒன்றே. நோக்கம் மாறிற்று, நில அறிவு மாறவில்லை.

இதனினும் இன்றியமையாதது ஒன்றுண்டு. மலையடி நிலங்களில் சாலையும் மதிலும் முள்வேலியும் பெருகுங்கால், விலங்குகளின் புழைகள் ஒவ்வொன்றாய் அடைபடுகின்றன. நெடுவேட்டுவன் அவற்றை அறிந்து அடைத்தான். வேட்டை முடிந்தபின் அவை மீண்டும் திறந்தன. நாமோ அறியாது அடைக்கின்றோம், அவை திறப்பதுமில்லை. நீருக்கு இறங்கும் மான் விளைநிலத்தில் புகுவதும், சாலையில் அடிபடுவதும் வழி இழந்தமையின் விளைவுகளே. எந்நிலத்தில் எப்புழை இருந்தது என்பதை அறிந்தாலன்றி எதனைத் திறந்துவிடுதல் வேண்டும் என்பதை அறிதல் இயலாது.

9. முடிபு

இதுகாறும் கூறியவற்றால், வேட்டைக்கு முற்பட்ட நில ஆராய்ச்சி தமிழர்தம் பழைய அறிவுத்துறைகளுள் ஒன்று என்பதும், நீர், கனி, சுவடு, அதர், புழை என்னும் ஐந்தும் அதன் உறுப்புகள் என்பதும், அதரும் புழையும் வேறு வேறு பொருளன என்பதும், புறம் 205இல் புழைகளை அடைத்தல் என்னும் பொருளே பொருந்தும் என்பதும், பெரியபுராணம் இம்மரபையும் இதன் அறத்தையும் காத்துத் தந்துள்ளது என்பதும் பெறப்படும்.

செய்யத்தக்க பணி ஒன்று எஞ்சியுள்ளது. சித்தையன்கோட்டைச் சமவெளி முதல் கோடைமலை முகடு வரை வாழும் உழவரிடத்தும், சிறப்பாகப் பளியர் முதியோரிடத்தும், விலங்குவழியையும் நீரிடத்தையும் குறிக்க இன்றும் வழங்கும் சொற்களை முதுகலை மாணவர் நேரிற் சென்று தொகுத்தல் வேண்டும். புழை என்னும் சொல் நம் வீட்டுப் புழக்கடையில் மட்டுமே உயிர்த்திருக்கின்றதா, காட்டிலும் உயிர்த்திருக்கின்றதா என்பதை அத்தொகுப்பு தெரிவிக்கும். சங்கப் பாட்டின் உரையைத் திருத்துதற்கு அது துணையாம்; மானுக்கு அதன் வழியை மீட்டளித்தற்கும் துணையாம்.